துவக்க வரிசை

கறுப்புத் திரை. இடது மூலையில்
ஒரு வெள்ளைக் கோடு மட்டும்
கண்சிமிட்டுகிறது.
லினக்ஸ் ஏற்றி முக்கால் மணி நேரம்.
தனிப் பகுதியில், உள்ளே எங்கோ
புதுவயல் ஆலையின் ஆறு மாதத் தவிட்டுக் கணக்கு.
நாளை இருபதாம் தேதி.

அணைத்தேன், போட்டேன்.
பென் டிரைவைப் பிடுங்கி
முந்தானையில் துடைத்துச் சொருகினேன்,
எதற்கென்று தெரியாமல்.

தேவகோட்டையிலிருந்து உண்ணாமலை
போனில் கொட்டாவி விட்டாள்:
"எஃப் டூவைத் தட்டு. தட்டிக்கிட்டே இரு."

நீலப் பக்கம்.
வரிசையின் தலையில் இன்னமும்
நான் அழித்துவிட்ட விண்டோஸ்.

பள்ளத்தூரில் எங்களுக்குக் கதவு எண் முன்தெருவில்.
குடியிருப்பதோ
பின்தெருவைப் பார்த்த கடைசிக் கட்டில்.
கொரியர் பையன்
பூட்டிய தேக்குக் கதவைத் தட்டித் தட்டி
'ஆள் இல்லை' என்று எழுதிக்கொண்டு போவான்.
உள்ளே எங்கள் குக்கர்
மூன்றாவது விசில் அடித்துக்கொண்டிருக்கும்.

இரண்டாவது வரியை மேலே ஏற்றி
எஃப் டென்.

விசிறி சுற்றியது. திரை விழித்தது.
மூட்டைகள் ஒன்றும் குறையவில்லை.
பதினாலாம் வரியில்
இருபத்தொன்பது இருக்க வேண்டிய இடத்தில்
தொண்ணூற்றிரண்டு.
அது லேப்டாப் செய்ததல்ல,
சித்திரையில் நான் போட்டது.