பதினேழாம் தொட்டி

அம்பத்தூர் எஸ்டேட், லேத் பட்டறைக்கு மேலே
மூன்றாம் மாடி, மொட்டை வெயில்.
நாற்பது தொட்டியில் சோயா.
மண் செங்குன்றம் பக்கத்திலிருந்து மினி லாரியில் வந்தது,
முக்கால்வாசி மணல்.

தழை, மணி, சாம்பல் மூன்றும்
எல்லாத் தொட்டிக்கும் ஒரே பந்தியில் பரிமாறியாயிற்று.
அதற்கு மேல் சிட்டிகைக் கணக்கு:
எட்டுக்குத் துத்தநாகம், எட்டுக்கு போரான்,
எட்டுக்கு இரும்பு,
எட்டுக்கு மாலிப்டினம்
(தராசில் வைத்தால் என் மூச்சுக் காற்றுக்கே எண் மாறும்).
மீதி எட்டுக்கு ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை என்று எழுதக் கூடாது,
அமலோற்பவம் மேடம் திருத்தினார்,
ஒப்பீடு என்று எழுது.

சீட்டுக் குலுக்கி இடம் மாற்றி வைத்தோம்.
பதினேழு, ஒப்பீடு.
தண்ணீர்த் தொட்டிக் கொட்டகையின் ஓரம் விழுந்தது அதற்கு.

ஊற்றுவது போர் தண்ணீர்.
பக்கெட்டின் விளிம்பில் வெள்ளையாய்ப் படிகிற தண்ணீர்.
இருபதாம் நாள் இளம் இலைகள் வெளிறின:
நரம்பு பச்சை, இடையெல்லாம் மஞ்சள்,
தெருக்களை மட்டும் வரைந்துவிட்டு
வீடுகளை மறந்த வரைபடம் மாதிரி.
மண்ணில் இரும்பே இல்லையா என்று கேட்டார்
வாட்ச்மேன் கோதண்டம்.
இருக்கிறது. ஏராளமாக இருக்கிறது.
சுண்ணாம்புத் தண்ணீரில் அது வாயைத் திறப்பதில்லை.

அந்த வாரம்தான் எனக்கும் எட்டரை என்று வந்தது.
இஎஸ்ஐ டாக்டர் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார்,
நான் இலையைத் திருப்பிப் பார்ப்பது போலவே, அதே அவசரத்தில்.
மாத்திரையும் டீயும் சேரக் கூடாது, ஒரு மணி நேரம் இடைவெளி.
ஒரு நாளைக்கு ஆறு டீ குடிக்கிற பட்டறைக்கு மேல்
உட்கார்ந்துகொண்டு
இதை யாரிடம் சொல்ல.

போரான் தொட்டிகளில் பூ உதிர்வது குறைந்தது.
மாலிப்டினம் செடி ஒன்றைப் பிடுங்கி
வேர் முடிச்சை நகத்தால் கீறினாள் பெனாசிர்.
உள்ளே ஈறு நிறத்தில் சிவப்பு.
தன் விரலைத்தான் கீறிக்கொண்டோமோ என்று
ஒரு கணம் உதறிப் பார்த்தாள்.

ஐப்பசி மழை பிடித்தது.
பத்து நாளில்
கூட முளைத்த ஏழும் குட்டை இலையோடு குந்தியிருக்க
பதினேழு மட்டும் கருகருவென்று எழுந்து
உள்ளங்கை அகலத்துக்கு இலை விரித்தது.

யார் ஊற்றினது?
பதிவேட்டைப் புரட்டினோம்.
பெனாசிர் என்னைப் பார்த்தாள்.
நான் கோதண்டத்தைப் பார்த்தேன்.
கோதண்டம் குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்தார்.
மேடம் யாரையும் பார்க்கவில்லை,
அதுதான் தாங்கவில்லை.

வியாழக்கிழமை கொட்டித் தீர்த்தது.
குடை பிடித்துக்கொண்டு தொட்டிகளின் நடுவே நின்றேன்,
பைத்தியக்காரி மாதிரி.
கொட்டகைக்குப் போன மாதம் போட்ட புதுத் தகரம்.
துத்தநாகம் பூசிய தகரம்.
அதன் மடிப்பில் ஓடி வந்த தண்ணீர்
ஒரே ஒரு முனையில் திரண்டு
சொட்டு, சொட்டு,
பதினேழின் நடு மண்ணில்.

பாட்டிலில் பிடித்துச் சோதித்தேன். இருந்தது.
நாங்கள் விலை கொடுத்து வாங்கி அளந்து போட்டதை
கூரை தன் தோலிலிருந்து கொடுத்திருக்கிறது,
ரசீது இல்லாமல், தப்பான விலாசத்துக்கு.

அட்டவணையில் பதினேழுக்கு நேரே ஒரு நட்சத்திரம்.
அடிக்குறிப்பு: நீக்கப்பட்டது.

கணக்கில் இல்லாத செடியை
உலர்த்தி எடை போட வேண்டியதில்லை.
மற்றவை முற்றட்டும் என்று விட்டுவிட்டு
பச்சைக் காய் நாற்பத்தியொன்று பறித்து
கெட்டிலில் கல்லுப்புப் போட்டு வேகவைத்தோம்.
மேடம் நின்றபடியே மூன்று காய் தின்றார்.
கோதண்டத்துக்கு ஒரு கை கூடுதலாகக் கொடுத்தேன்,
பேசாமல் வாங்கிக்கொண்டார்.

கீழே லேத் நின்றது. டீ வந்தது.
அப்புறம் குடிக்கிறேன் என்று
தட்டைக் கவிழ்த்து மூடி வைத்தேன்.