நேரே

அம்பத்தூர் எஸ்டேட், இரண்டாம் மாடி,
ஏசி மட்டும் தூங்காத அறையில்
இருக்கிறது அந்தக் கோப்பு.
இருநூற்றுப் பன்னிரண்டு வரி.
காலை ஒன்பதரைக்குக் கண் விழிக்கும்
அறுநூறு பிரவுசர்களும்
முதலில் அதைத்தான் கேட்கும்:
இந்த முகவரிக்கு எந்த வழி?

உள்ளூர்ப் பெயரா, நேரே போ.
பத்தில் தொடங்கும் எண்ணா, நேரே போ.
மற்றதெல்லாம் ப்ராக்ஸி ஒன்று வழியாக;
அது படுத்திருந்தால் இரண்டு;
அதுவும் படுத்திருந்தால்
எனக்கு போன் வரும்.

இதில் ஒரு வேடிக்கை.
கோப்பை வைத்திருப்பதும் அதே ப்ராக்ஸிதான்.
பாடிக்கு எப்படிப் போவது என்று
பாடியில் இறங்கித்தான் விசாரிக்க முடியும்
என்பதுபோல.

பெனடிக்ட் எழுதியது. ராயபுரத்துக்காரர்.
நான் சேர்வதற்கு ஆறு மாதம் முன்பே
துபாய் போய்விட்டார்.
அவரை எனக்கு அரைப்புள்ளிகளாகத்தான் தெரியும்:
ஒன்றுகூட விட்டதில்லை.
அடைப்புக்குறிக்குள் இருபக்கமும் ஓர் இடைவெளி,
சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொள்வதுபோல.
குறிப்பு மட்டும் எழுதமாட்டார்.

அக்டோபரில் புது சர்வர் வந்தது.
பழையதைக் கழுவித்தான் ஏற்ற வேண்டும் என்றார்கள்.
மூடிப்போன கிடங்கு, விலகிப்போன வங்கி,
எவனோ கிரிக்கெட் பார்க்கத் திறந்துவைத்த சந்து,
எல்லாவற்றையும் வெட்டினேன்.
நூற்று நாற்பத்தோராம் வரியில்
ஏரி மட்டம் சொல்லும் ஒரு தளம்,
பூட்டுக்குறிகூட இல்லாத பழசு.
அதற்கு மட்டும் தனியாக: நேரே.
பெயின்ட் கம்பெனிக்கு ஏரி எதற்கு?
வெட்டினேன்.
கோப்பு ஒரு வார்த்தை முனகவில்லை.

நவம்பர் கடைசிச் செவ்வாய்.
விடிந்ததிலிருந்து மழை.
கொரட்டூர் சுரங்கப்பாதையை அடைத்துவிட்டார்கள்.
பதினொன்றரைக்கு அக்கவுன்ட்ஸிலிருந்து கோமளவல்லி.
வரதராஜபுரத்தில் வீடு,
அடையாற்றிலிருந்து எண்ணினால் நான்காவது தெரு.

"ஏரி ஏறவே மாட்டேங்குதும்மா."
"நல்லதுதானே மேடம்."
"இல்ல. வந்ததுலேர்ந்து பாக்குறேன்,
இருபத்தொண்ணு புள்ளி மூணு, அதே நம்பர்.
இவ்ளோ மழைல
எந்த ஏரி ஒரே எடத்துல நிக்கும்?"

போனை வைப்பதற்குள் விளங்கிவிட்டது.
ப்ராக்ஸி நல்ல பிள்ளை.
ஒருமுறை கொண்டுவந்த பக்கத்தை
நான்கு மணி நேரம் பத்திரப்படுத்தி
கேட்பவர்க்கெல்லாம் அதையே எடுத்துக் கொடுக்கும்.
காலையில் யாரோ முதலில் பார்த்த ஏரி
அலை அசையாமல்
எங்கள் ரேக்கில் நின்றுகொண்டிருந்தது.

வரியைத் திரும்ப எழுதினேன்.
அவசரத்தில் ஒரு மேற்கோள் குறியை விட்டேன்.
சரிசெய்ய நாற்பது நொடி;
அந்த நாற்பது நொடிக்குள் பிரவுசர் திறந்த
ஏழு பேரின் வசவு தனிக் கணக்கு.

சேமித்தால் மட்டும் போதாது.
காலையில் வாங்கிய பிரதியைத்தான்
பிரவுசர் பொழுதெல்லாம் நம்பும்.
"மூடிட்டு மறுபடி திறங்க மேடம்.
அந்த டேப் மட்டும் இல்ல, மொத்தமா."
மவுஸ் சத்தம். மழைச் சத்தம்.
ஒரு நீண்ட மூச்சு.
"இருபத்திரண்டு புள்ளி ஆறு."

அது எனக்குச் சொன்னதில்லை.
இன்னொரு போனில் மகனிடம்
இன்வெர்ட்டர் பேட்டரியை மாடிக்கு ஏற்றச்
சொல்லிக்கொண்டிருந்தார்.

இரவு பெனடிக்டுக்கு ஒரு மெசேஜ் போட்டேன்.
ஒற்றை டிக் விழுந்தது. இன்றுவரை ஒற்றைதான்.

நூற்று நாற்பத்தொன்றுக்கு மேலே
இரண்டு சாய்கோடு போட்டு
அந்தக் கோப்பின் முதல் குறிப்பை எழுதினேன்:
கோமளவல்லி, வரதராஜபுரம். தொடாதே.

பிரவுசர் அதைப் படிக்காது.
சாய்கோட்டைக் கண்டதும்
அடுத்த வரிக்குத் தாண்டிப் போய்விடும்.