இரண்டு கோடு

ஹெரேஸில் வெயில் கல்லை உரிக்கிறது.
உள்ளே ஈரமண் தரை,
கறுத்த பீப்பாய்கள் மூன்றடுக்கு.

"பாலில் ஆடை படிவதுபோல
இதன்மேல் ஒரு படலம்.
அது உயிரோடிருக்கும்வரை ஷெர்ரி வெளுத்தே இருக்கும்"
என்கிறேன், இந்த வாரம் பதினோராவது முறை.
யாரோ கொட்டாவி விடுகிறார்.

நாற்பத்தேழாம் பீப்பாயில்
சாக்கட்டியால் இரண்டு கோடு.
ஒன்றென்றால் நல்லது,
மூன்றென்றால் காய்ச்சி வடிக்க.
இரண்டு: பார்க்கலாம்.
எவரிஸ்தோ போட்டது. அந்த வருடம்தான்
என்னிடமும் அதையே சொன்னான்.

படலம் செத்தது. சாராயம் கூட்டினோம்.
நிறம் தேனாகி, பிறகு தேக்கானது.

நீள்காம்புக் குவளையைத் தலைக்குமேல் தூக்கி
சொட்டுச் சிந்தாமல் ஊற்றுகிறேன்.
அக்ரூட், உப்பு, கொஞ்சம் பழைய அலமாரி.
கொட்டாவிக்காரர் இன்னொன்று கேட்கிறார்.

கோட்டை ஏன் அழிக்கவில்லை என்கிறாள் ஒரு சிறுமி.

அழித்துவிட்டு
என்ன போடுவது?