முன்னறிவிப்பு

பந்தலூரில் எங்கள் வீட்டில்
யாரும் ரேடியோவில் வானிலை கேட்டதில்லை.
காலையில் என் தலையைப் பார்த்துவிட்டு
குடை எடுப்பார் அப்பா.
மழைக்கு ஒரு மணி நேரம் முன்பே
எழுந்து நின்றுவிடும் அது,
வாசலில் விருந்தாளி வந்ததுபோல.

நான்காம் வகுப்பில் எமரென்சியா சிஸ்டர்
தண்ணீர் தொட்டு, எண்ணெய் தொட்டு,
கடைசியில் ஜெபமாலையும் தொட்டு
இரட்டைச் சடை போட்டுவிட்டார்.
பிரேயர் முடிவதற்குள் ரிப்பன் இரண்டும் தரையில்.
தேசிய கீதத்துக்கு அசையாமல் நின்றது
நான் மட்டும்தான்.

அந்த வருட வகுப்புப் படத்தில்
பின்வரிசை விண்ணரசிக்கு முகம் கிடையாது.
என் முடிக்கு மேலே
ஒரு காது தெரிகிறது.
சந்தையில் இன்றும் அவளைக் கண்டால்
முதலில் அந்தக் காதைத்தான் பார்ப்பேன்.

சேரம்பாடியில் மலையாளத்தில் ஒரு வைத்தியம்,
பதுளையிலிருந்து வந்த அத்தையிடம் இன்னொன்று.
வெந்தயம், செம்பருத்தி, பழைய கஞ்சி.
சமையலறையில் இருந்த எல்லாம்
ஒருமுறை என் தலைக்கும் வந்து போனது.
தலைவிரி கோலமாய் எங்கே கிளம்பிட்டே
என்று கேட்டவர்களுக்கு
இப்பதான் சீவினேன் என்பேன்.
உண்மை அது.

பதினெட்டு வயதில் வேலைக்கு நேர்காணல்.
அண்ணன் ஜெயசீலன்
பெஞ்சில் என் தலையைச் சாய்த்து
மேலே பேப்பர் விரித்து
இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தான்.
தேவாலா வரை நேராக இருந்தது.
நாடுகாணியில் பஸ் ஷட்டர் சிக்கிக்கொண்டு
பனி மொத்தமும் உள்ளே.
கூடலூரில் இறங்கியவளுக்கும்
விண்ணப்பத்தில் ஒட்டிய படத்துக்கும்
சம்பந்தமில்லை என்றார்கள்.

பிறகு தேயிலை பாக்டரி.
வலை, வலைமேல் தொப்பி, தொப்பிமேல் நாடா.
ஒருநாள் டீ மேக்கர்
வெள்ளைத் தாளில் ஒற்றை முடியை வைத்துக்கொண்டு
அறுபத்திரண்டு பேரை வரிசையில் நிறுத்தினார்.
டஸ்டில் கிடந்ததாம். யாருடையது?
அது பேனா ஸ்பிரிங் மாதிரி சுருண்டு கிடந்தது.
அவர் மூச்சு பட்டதும் துள்ளியது.
எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள்.
பாய்லர் நாகரத்தினம்
(இருபத்தேழு வயது, தலையில் விளக்கெண்ணெய்ப் பளபளப்பு)
ஒரு அடி முன்னால் வந்து சொன்னான்:
என்னோடதா இருக்கும் சார்.

டீ மேக்கரே சிரித்துவிட்டார்.
அடுத்த தை மாதம் கல்யாணம்.

முதல் இரவில் அவன் சட்டைப் பொத்தானில்
வசமாக மாட்டிக்கொண்டேன்.
கத்தரிக்கோல் தேடி எடுத்து வந்தான்.
கண்ணை இறுக்க மூடினேன்.
வெட்டியது
பொத்தானை.

மகள் பிறந்த நான்காம் மாதம்
கொத்துக் கொத்தாய்க் கொட்டியது.
போய்த் தொலை, போய்த் தொலை என்று
ஆயுசெல்லாம் சொன்னவள்,
குளியலறை ஓட்டையிலிருந்து எடுத்ததைக்
கையில் வைத்துக்கொண்டு
குழந்தை அழும்வரை நின்றேன்.
திரும்பி வந்தது.
முன்னைவிடக் கோபமாய்.

மதிவதனிக்கு அவள் அப்பாவின்
காணாமல் போன முடியாக இருக்க வேண்டும்,
சீப்பு வழுக்கி விழும்.
கோயம்புத்தூரில் மூவாயிரம் கொடுத்துச்
சுருட்டிக்கொண்டு வந்தாள்.
உன்னை மாதிரியே இருக்கேனாம்மா என்று
ஊட்டியிலிருந்து போனில் கேட்டாள்.
நாடுகாணி தாண்டிட்டு சொல்லு என்றேன்.
வீட்டுப் படியேறியபோது
நேராகத் தொங்கியது, முகமும்.

இப்போது நரைத்தவை கறுத்தவற்றைவிடப் பிடிவாதம்.
கம்பி. தொப்பியைத் துளைத்து வெளியே வரும்.
கடையில் ஒரு புதுப் பெண்
எந்த பார்லர் அக்கா என்று கேட்டாள்.
பதில் சொல்ல எனக்குப் பத்து நிமிடம் ஆனது,
அதில் ஒன்பது நிமிடம் சிரிப்பு.

இன்று காலை
மிளகு காயப் போடக் கூடையோடு கிளம்பினவர்
கதவருகே நின்றார்.
என் தலையை ஒருமுறை பார்த்தார்.
ஒன்றும் பேசாமல்
கூடையைத் திரும்ப உள்ளே வைத்தார்.

வெளியே
பளீரென்று வெயில்.