கறுப்பு ரொட்டியால் அழித்தவை

வாங்குகிறவர் செவ்வாய்க்கிழமை வருகிறார்,
சமையலறையை அளக்க.
அதனால்தான் அலமாரியை நகர்த்தினேன்.
லியெபாயாவின் கடற்காற்று
இத்தனை வருடமாய் சுவரோரம் ஒதுக்கிய தூசி,
ஒரு நூல்கட்டை, செத்த குளவி,
அவற்றுக்கும் பின்னால், முதுகு நிமிர்ந்து,
லினோலிய ஆலையின் கணக்கு அட்டைக்குள்
என் பதினைந்து வயது.

இருபத்தாறு படங்கள்.
எதை எடுத்தாலும் முதலில் தெரிவது என் கையெழுத்துதான்:
வலது மூலையில் கிளம்பி
ஒரு சுழி, இன்னொரு சுழி, சவுக்கு வீசியதுபோல் ஒரு கோடு,
குதிரையின் காலைத் தாண்டிப் போகிறது.
குதிரை இன்னும் முடியவில்லை.
கையெழுத்து முடிந்துவிட்டது.

டிராமுக்குக் காத்திருப்பவர்கள்.
துறைமுகத்துக் கிரேன்காரர்.
புகையிட்ட மீன் விற்கும் ஆல்வினா.
எல்லோர் கண்களும் நெற்றிக்குக் குடிபோயிருக்கின்றன.
எல்லோர்மீதும் இடப்பக்கத்திலிருந்தே வெயில்,
மாதக்கணக்கில் வெயில் பார்க்காத எங்கள் ஊரில்.
ஒருவருக்கும் கை இல்லை.

சட்டைப்பையில், முதுகுக்குப் பின்னால்,
வாளிக்குள், நாயின் ரோமத்துக்குள்.
கல்யாணப் படத்தில் மாப்பிள்ளை
இரண்டு கைகளையும் பெண்ணின் பூங்கொத்துக்குள் விட்டிருக்கிறான்,
சாவியைத் தொலைத்தவன் மாதிரி.
ஓவியம் எனக்குக் கைவந்த கலை என்று
பள்ளிச் சுவரேட்டில் எழுதியிருந்தார்கள்.
கை மட்டும்தான் வரவில்லை என்பது
எனக்குத் தெரியும்.

பதினேழாவது படம் வெல்கா.
ஜன்னலோரம் நிற்கிறாள். கழுத்து, குதிரையிடம் கடன் வாங்கியது.
கன்னத்தில் ஒரு பழுப்புத் தீற்றல்.
காகிதத்துக்கு வயதாகிவிட்டது என்று நினைத்துத்
தடவிப் பார்த்தேன்.
விரலுக்குத்தான் முதலில் ஞாபகம் வந்தது.
அன்று அழிப்பான் காணாமல் போனது.
பிராகிலிருந்து மாமா கொண்டுவந்தது, யானைப் படம் போட்டது,
வால்வரைதான் தேய்ந்திருந்தது.
தம்பி குன்வால்டிஸை அடித்தேன்.
அழுதான், ஒப்புக்கொள்ளவில்லை, மறுபடி அடித்தேன்.
பிறகு கறுப்பு ரொட்டியின் உள்சதையை உருட்டி
வெல்காவின் கன்னத்தை அழித்தேன்.
வெள்ளை ரொட்டி என்றால் சுத்தமாக அழிக்கும்.
அன்றைக்கு வீட்டில் ஏது.

“எனக்குக் கொடேன்” என்றாள்.
“கையைச் சரிசெய்துவிட்டுத் தருகிறேன்” என்றேன்.
முப்பத்தெட்டு வருடம்.

இப்போது அவள் அயர்லாந்தில்,
காளான் பண்ணையில் மேற்பார்வை.
படம்பிடித்து அனுப்பினேன்:
மன்னித்துக்கொள். கை வரையத் தெரியாமல்
முதுகுக்குப் பின்னால் ஒளித்துவிட்டேன்.

இரண்டு நீலக் குறி. பிறகு நெடுநேரம் எதுவும் இல்லை.
கெட்டில் கொதித்து, தானே அடங்கியது.
அப்புறம்தான்:
நீ ஒளிக்கவில்லை. நான்தான் ஒளித்தேன்.
உன் யானை என் உள்ளங்கையில் இருந்தது.
நீ வரைந்து முடிக்கும்வரை
வியர்த்துக்கொண்டே நின்றேன், தெரியுமா.

படத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினேன்.
தோள் இரண்டும் கொஞ்சம் தூக்கியிருக்கின்றன.
உதடு எதையோ உள்ளே இழுத்துப் பிடித்திருக்கிறது.
கோணல் என்று நான் வெட்கப்பட்ட
அந்த இடுப்புகூட
கதவுப்பக்கம் சாயத் தொடங்கியிருக்கிறது.
கையும் களவுமாகப் பிடித்திருக்கிறேன் அவளை,
கை வரையாமலேயே.
பிடித்தவளுக்குத்தான் தெரியவில்லை.

அட்டையைத் தலைகீழாகக் கொட்டித் தேடினேன்.
குன்வால்டிஸ் எதிலும் இல்லை.
ஒரு நிமிடம் அசையாமல் உட்காரமாட்டான் என்று
அவனை வரைந்ததே இல்லை.

ரீகாவில் இந்நேரம் வேலை முடிந்து வந்திருப்பான்.
மணி அடிக்கிறது.
என்ன சொல்லித் தொடங்குவது என்று தெரியாமல்
சாமான் பட்டியலின் பின்பக்கம்
இடது கையை மேசைமேல் விரித்துவைத்து
வரைந்துகொண்டிருக்கிறேன்.
கட்டைவிரல் சோளக்கதிர் மாதிரி வந்திருக்கிறது.
ஆள்காட்டி பரவாயில்லை.
மோதிர விரலில் இருக்கும்போது
அவன் எடுத்துவிட்டான்.