ஈரப்பதம்

முந்நூற்று நாற்பது பாக்கெட்டும்
பாவாடையின் லோடு ஆட்டோவிலேயே திரும்பி வந்தன.
மேலே ஒரு தாள், குண்டூசி குத்தி:
ஈரப்பதம் பதினான்கு. ஏற்பதற்கில்லை.
கீழே வட்ட முத்திரை, புதுச்சேரி.
கையெழுத்து அழகாக இருந்தது, அது வேறு.

சாம்பார் பொடி மூட்டைகளை இறக்கிவிட்டு
பாவாடை வாடகை கேட்காமல் நின்றார்.
கேட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

அன்று இரவு அடுப்பின் பர்னரைக் கழற்றினேன்.
புளித்தண்ணீரில் ஊறப்போட்டு
ஊக்கை நிமிர்த்தி
ஒவ்வொரு துளையாகக் குத்தினேன்.
பெரியதில் அறுபத்து நான்கு,
சின்னதில் எண்ணவில்லை.
யாராவது கேட்டால்
சுத்தம் செய்கிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஆளுக்கொரு வழி.
எனக்கு லேபிள் ஒட்டித் தரும் சகாயமேரிக்கு
குழாயைத் திறந்துவிட்டுக் குளியலறையில் எட்டு நிமிடம்,
பிறகு தலைக்கு எண்ணெய்.
பாவாடை முதலில் யாரிடமாவது சண்டை பிடிப்பார்,
பெரும்பாலும் பெட்ரோல் பங்கில்.
என் வீட்டுக்காரர் தூங்கிவிடுவார்.
கடன் என் பெயரில் இருக்கிறது,
தூக்கம் அவர் பெயரில்.

மறுநாள் கடை திறக்கவில்லை.
முதுநகர் ரயில்வே கேட்டில்
ஸ்கூட்டியை ஓரம் கட்டினேன்.
சரக்கு வண்டி. பெட்டிகளை எண்ணத் தொடங்கினேன்.
பதினேழாவதில்
'ஏற்பதற்கில்லை' வந்து குறுக்கே நின்றது.
எண்ணிக்கை போயிற்று.
அடுத்த சரக்கு வண்டிக்கு ஒன்றரை மணி நேரம்.
நின்றேன்.
அவித்த மல்லாட்டை விற்கிறவள் என்னை இரண்டு முறை பார்த்தாள்,
மூன்றாம் முறை ஒரு கூம்பு மடித்து நீட்டினாள்,
காசை அப்புறம் வாங்கிக்கொண்டாள்.
அந்த வண்டியில் இருபத்தொன்பது வரை போனேன்.
மொத்தம் எத்தனை பெட்டி, தெரியாது.
இருபத்தொன்பது போதும் என்றிருந்தது.

சில்வர் பீச்சுக்குப் போயிட்டு வா, மனசு லேசாகும் என்றாள்
ஃபோனில் தங்கை.
கடலைப் பார்த்தால் எனக்கு எதுவும் லேசாவதில்லை.
எவ்வளவு ஈரம்.

சரி, சொல்லிவிடுகிறேன்.
ஐப்பசியில் அவசரமாக வறுத்தேன்.
தேதி கொடுத்துவிட்டார்கள், மழை விடவில்லை,
மொட்டை மாடியில் தார்ப்பாயை
மூடுவதும் திறப்பதுமாக நான்கு நாள்.
கையில் அள்ளினால் கலகலக்க வேண்டிய மல்லி
வாயை மூடிக்கொண்டிருந்தது.
கேட்காத மாதிரி மில்லுக்கு அனுப்பினேன்.
முத்திரை குத்தியவர் மேல்
மூன்று நாள் கோபப்பட்டுப் பார்த்தேன்,
நிற்கவில்லை.

வியாழக்கிழமை வெயில் வந்தது.
கத்தரிக்கோலை எடுத்தேன்.
முதல் பாக்கெட்டை வெட்டத்தான் நேரமானது,
அதில் என் பெயர் அச்சாகியிருந்தது.
அப்புறம் கை தானாகப் போனது.
இருநூறைத் தாண்டும்போது சகாயமேரி வந்தாள்,
தலை பளபளக்க.
ஒன்றும் கேட்கவில்லை,
வீட்டிலிருந்தே இன்னொரு கத்தரிக்கோல் கொண்டுவந்திருந்தாள்.
"மாட்டுக்குக்கூடப் போட முடியாதேக்கா, காரம்" என்றாள்.
இருவருக்கும் தும்மல், சிரிப்பு,
எது முதலில் வந்தது என்று நினைவில்லை.

புது மல்லி ஐந்து கிலோ.
மாடியில் காயவைத்ததில் ஒரு பிடி
கண்ணாடிப் புட்டியில் போட்டு,
வறுத்த உப்பு ஒரு கரண்டி போட்டு,
மூடிக் குலுக்கி வைக்க வேண்டும்.
ஈரம் இருந்தால் உப்பு கண்ணாடியில் ஒட்டும்.
கருவி வாங்கப் பணம் வரும்வரை
இதுதான் என் அதிகாரி.

பத்து மணிக்கு ஒட்டியது.
பன்னிரண்டுக்கும் ஒட்டியது,
முன்பைவிடக் குறைவாக,
அல்லது எனக்கு அப்படித் தோன்றியது.
தோன்றியதை நோட்டில் எழுதவில்லை.
மல்லியைக் கிளறி மறுபடி விரித்தேன்.
இரண்டு மணிக்கு இன்னொரு முறை பார்க்க வேண்டும்.

கீழே அடுப்பில் பால்.
பெரிய பர்னரில் எல்லாத் துளையும்
நீலமாக எரிகிறது, ஒன்றைத் தவிர.
ஊக்கு அங்கேயே ஆணியில் தொங்குகிறது.
அந்த ஒன்றை விட்டு வைத்திருக்கிறேன்,
அடுத்த முறைக்கு.