ஒன்று, ஆறு, இரண்டு

ஓலு நகரத்தில் நவம்பர்
மதியம் மூன்று மணிக்கே இருட்டிவிடும் மாதம்.
வாடகைக் கொட்டகையின் குழல்விளக்கு
எரிவதா வேண்டாமா என்று யோசித்து யோசித்து எரிந்தது.
கீழே மரக்கட்டைகள்மேல் எஞ்சின்:
எதிரெதிரே மும்மூன்றாய் ஆறு சிலிண்டர்,
தண்ணீர் தொடாத பிறவி,
காற்றாலும் எண்ணெயாலும் தன் சூட்டை ஆற்றிக்கொள்வது,
என்னைவிட நான்கு வயது மூத்தது.

விற்றவன் சொன்னான்:
"ஒரே ஒரு போல்ட்தான் உடைந்திருக்கிறது."
உண்மைதான்.
அந்த ஒரு போல்ட்டை எட்ட
எஞ்சினையே இறக்கவேண்டும் என்பதை
நான் கேட்கவில்லை, அவன் சொல்லவில்லை.

பொய்ப்பல் செய்வது என் பிழைப்பு.
பத்தில் ஒரு மில்லிமீட்டர் கூடினாலும்
கம்பு ரொட்டியைக் கடிக்கமுடியாமல்
திரும்பி வந்து நிற்பார்கள்.
அந்தக் கைகள் போதும் என்று நம்பினேன்.
தெரியாதவளுக்குத்தான் எத்தனை துணிச்சல்!

கழற்றியதையெல்லாம் பைகளிலிட்டுப் பெயர் எழுதினேன்.
முதல் வாரம்: "இடது, மேல், மூன்றாவது நட்டு."
மூன்றாம் வாரம்: "வலது, ஏதோ ஒன்று."
டிசம்பரில் ஒரு பையின்மேல்
கேள்விக்குறி மட்டும்.

பக்கத்துத் தடுப்பில் யௌனி
மீன்பிடிக்கப் பனியைத் துளைக்கும் கருவிகளுக்குச்
சாணை பிடித்துக்கொண்டிருந்தான்.
வந்த நாள்முதல் என்னிடம் அவன் பேசியது
மூன்று சொற்கள். அதில் இரண்டு "ம்."
உடைந்த போல்ட் சூடு தாங்காமல்
உறைகாட்டில் மரம் வெடிப்பதுபோல் சத்தமிட்டு விடுபட்டபோது
சாணையை நிறுத்தினான்.
பிறகு மறுபடி ஓட்டினான்.

பிஸ்டன் எண்பது டிகிரியில் இருந்தால்
பின் வெண்ணெயில்போல் இறங்கும் என்றது கையேடு.
எண்பது டிகிரிக்கு எங்கே போவது?
வியாழக்கிழமை, எங்கள் குடியிருப்புச் சவுனாவில் என் முறை.
மேல் பலகையில் ஆறு பேரும் வரிசையாய்
விருந்தாளிகள்போல் உட்கார்ந்திருந்தார்கள்.
நேரம் தவறி உள்ளே வந்த ஐனோ,
துண்டை இறுக்கிக்கொண்டு, அவர்களைப் பார்த்து,
அகப்பையைத் தூக்கினாள்: "கல்லில் தண்ணீர் ஊற்றட்டுமா?"
"வேண்டாம், இவர்களுக்குத் தண்ணீர் ஆகாது."
தலையசைத்தாள். கீழ்ப் பலகையில்
மரியாதையாக வியர்த்தாள்.

கம்பளியில் சுற்றி ஓட்டமாய்க் கொட்டகைக்கு.
நான்கு பிஸ்டன் ஏறிவிட்டன.
ஐந்தாவதற்குச் சர்க்ளிப்பை அழுத்தும்போது
டிக்.
ஒரு சின்னக் கம்பி வளையம்,
விரல்நுனியில் இருந்தது, இல்லை.

துணி அடைக்காத துளை ஒன்றே ஒன்று.
அதற்குள் விழுந்திருக்குமோ?
காந்தம், டார்ச், துடைப்பம்.
யௌனி கேட்காமலே முழங்காலிட்டுத்
தன் பக்கத் தரையைத் தடவினான்.
மூன்று இரவு. கிடைக்கவில்லை.
உள்ளே இல்லை என்று சொல்ல ஆளில்லை.

பிரித்தேன்.
பசை உலர்ந்து ஒட்டிப்போன இரண்டு பாதிகளை
மீண்டும் பிரித்தேன்.
பத்தொன்பது நாள் வேலை ஒரு சனிக்கிழமையில் போயிற்று.

வளையம் அங்கே இல்லை.
இருந்தது, நான் அவசரத்தில் நசுக்கிய ஓ-ரிங்,
நகம் பதிந்ததுபோல் ஒரு வெட்டோடு.
அந்த வழியே எண்ணெய் முழுதும் ஒழுகியிருக்கும்.
சிரிப்பதா அழுவதா தெரியாமல்
ஆறிப்போன காப்பியைக் குடித்தேன்.

ஆற்றில் பனி உடைந்த வாரம்
பிளக் இல்லாமல் சுழற்றி எண்ணெயை ஏறவிட்டேன்.
பிறகு பிளக்குகள். பிறகு சாவி.
முதலில் ஒரு இருமல். நீல நிறத்தில் புகை.
பிறகு அது எண்ணத் தொடங்கியது, தன் வரிசையில்:
ஒன்று, ஆறு, இரண்டு, நான்கு, மூன்று, ஐந்து.
பள்ளியில் இப்படிச் சொன்னால் பெஞ்சின்மேல் நிற்கவைப்பார்கள்.
எண்ணெய் விளக்கு அணைந்தது.
யௌனி வாசலில் நின்று நான்காவது சொல்லைச் செலவழித்தான்:
"ஓடுது."

கெமி சாலையில் இப்போது எண்பதில் போகிறேன்.
பிரித்துப் பார்த்தாயிற்று, இல்லை என்று தெரியும்.
என்றாலும் ஐந்துக்கும் ஒன்றுக்கும் நடுவே
என் ஒரு காது
இன்னும் அந்த வளையத்தைத் தேடிக்கொண்டே வருகிறது.